அரண் வரிசையை உடைப்பது எப்படி: சூயஸ் கால்வாய், 1973

எதிரியின் அரணை உடைக்கத் திட்டம் போட உட்காருபவர்கள் முதலில் சுவரைத்தான் அளக்கிறார்கள். எவ்வளவு உயரம், எத்தனை பதுங்குகுழி, எங்கெல்லாம் கண்ணிவெடி என்று பட்டியல் நீளும். அதெல்லாம் தேவைதான். ஆனால் அதற்கு முன்பே இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: உங்கள் டாங்கியும் கனரகப் பீரங்கியும் அரணுக்கு அப்பால் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும், எதிரியின் சேமப்படை டாங்கிகள் அதே இடத்துக்கு வர எத்தனை நிமிடம் ஆகும். நல்ல அரண் கட்டியவன் முன்வரிசையை நம்பிப் போரை விடுவதில்லை. முன்வரிசை உங்களைப் பிடித்து வைக்கும், பின்னால் இருந்து வருகிறவன் அடிப்பான். இந்த இடைவெளியை எதை வைத்து நிரப்புவது என்பதுதான் உடைப்புத் திட்டத்தின் உயிர்.

1973 அக்டோபர் 6ஆம் தேதி எகிப்து ராணுவம் சூயஸ் கால்வாயைக் கடந்து, இஸ்ரேல் தன் வசம் இருந்த கிழக்குக் கரையில் கட்டியிருந்த பார்லெவ் அரணை உடைத்த முறையை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். வரைபடப் பயிற்சி செய்பவர்களுக்கும் போர் விளையாட்டு ஆடுபவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான பாடம் குறைவு. சரியாகச் செய்ததும் சொதப்பியதும் ஒரே களத்தில், மூன்று வாரத்துக்குள் கிடைக்கின்றன.

அடுக்கு அடுக்காகப் பிரித்து எழுதுங்கள்

அரண் என்று ஒற்றைச் சொல்லில் நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஒரு தாளில் ஒவ்வொரு அடுக்கையும் தனி வரியாக எழுதி, அதன் வேலை என்ன, எவ்வளவு நேரம் தாமதப்படுத்தும், எதனால் முறியும் என்று பக்கத்திலேயே குறியுங்கள். சூயஸில் அந்தத் தாள் இப்படி இருக்கும்.

முதல் அடுக்கு தண்ணீர். அகலம் சுமார் 180 முதல் 220 மீட்டர். நீரோட்டம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும். வடக்கே நீர்மட்ட ஏற்ற இறக்கம் 60 சென்டிமீட்டர் அளவு. தெற்கே சூயஸ் நகரப் பக்கம் 2 மீட்டர் வரை போகும். கரையோரம் முழுக்கக் கட்டிய சுவர் இருப்பதால் நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டிகளால்கூட நேரே ஏற முடியாது.

இரண்டாவது, மணல் அணை. கால்வாயை ஒட்டியே 20 மீட்டர் வரை குவித்து வைத்த மணல், 45 பாகைக்கும் அதிகமான சரிவு. ஆள் ஏணி போட்டு ஏறிவிடுவான், வண்டி ஏறாது. மூன்றாவது, காவல் கோட்டைகள். கட்டியது சுமார் 30, அன்றைக்கு முழுமையாக ஆள் இருந்தது 16ல். மொத்தம் 450 பேர் அளவில்தான். கோட்டைகளுக்கு இடையே டாங்கிகள் வந்து நின்று சுடுவதற்கான மேடைகளை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தார்கள். கால்வாயில் எண்ணெயைக் கொட்டிக் கொளுத்தும் குழாய் ஏற்பாடும் பேருக்கு இருந்தது. அதற்கும் பின்னால், பாலைவனத்தில், டாங்கி பிரிகேடுகள். எல்லாவற்றுக்கும் மேலே இஸ்ரேலிய விமானப்படை.

எகிப்தின் படைத் தலைமை அதிகாரி சாத் எல் ஷாஸ்லியின் கணக்கு இதுதான்: அருகிலுள்ள இஸ்ரேலிய டாங்கிகள் 15 முதல் 30 நிமிடத்தில் கரைக்கு வந்துவிடும், பெரிய எதிர்த்தாக்குதல் 2 மணி நேரத்தில் வரும். எகிப்திய டாங்கிகள் பாலம் வழியே அக்கரை சேர்ந்து போருக்குத் தயாராக அரை நாள் வேண்டும். ஆக, கையில் தூக்கிப் போனதை மட்டும் வைத்துக்கொண்டு காலாட்படை குறைந்தது 12 மணி நேரம் டாங்கிகளை எதிர்த்து நிற்க வேண்டும். பம்பு, படகு, ஏணி, ஏவுகணை என்று இனி வருவதெல்லாம் இந்த 12 மணி நேரக் கணக்கில் இருந்து பிறந்தவைதான்.

நாளும் நேரமும்

பகல் 2 மணிக்குத் தாக்கியது பலருக்கும் விசித்திரமாகப் படும். விடியலிலோ அந்தியிலோ தாக்குவதுதான் வழக்கம். இங்கே காரணம் மூன்று. மேற்கே சாயத் தொடங்கும் வெயில் எதிரியின் கண்ணில் அடிக்கும். காலாட்படை கடந்து இடம் பிடிக்க நான்கு மணி நேர வெளிச்சம் கிடைக்கும். பாலம் கட்டுவது இருட்டில் நடக்கும், விமானம் வந்து குறிபார்க்க முடியாது. அக்டோபர் 6 இரவில் முன்பாதி நிலவு, பின்பாதி இருட்டு. யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு நாள் அது. நாடே அடங்கிக் கிடக்கும். நீரோட்டமும் அன்றைக்கு ஒத்துவந்தது.

மறைப்பதற்குப் புதிதாக எதையும் செய்யாமல், வழக்கமாகச் செய்வதையே செய்துகொண்டிருப்பது நல்லது. எகிப்து வருடாவருடம் இலையுதிர்காலப் பயிற்சி நடத்தும், ரிசர்வ் ஆட்களைக் கூப்பிடும், திருப்பி அனுப்பும். இந்த முறையும் அதே முகத்தோடுதான் படை கரைக்கு நகர்ந்தது. எச்சரிக்கை கடைசி நேரத்தில் இஸ்ரேலுக்குக் கிடைத்தது. ஆனால் தாக்குதல் மாலை 6 மணிக்கு என்று எண்ணி டாங்கிகளைப் பின்னாலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். இந்த நான்கு மணி நேரத்தின் விலை பிற்பாடு தெரிந்தது.

மணலை உடைத்தல்

டாங்கி போக மணல் அணையில் சுமார் 7 மீட்டர் அகலத் திறப்பு வேண்டும். அதற்கு 1,500 கன மீட்டர் மணலை அகற்ற வேண்டும். முதலில் வழக்கமான முறையைச் சோதித்தார்கள்: 60 ஆட்கள், ஒரு புல்டோசர், 270 கிலோ வெடிமருந்து. எதிரி ஒரு குண்டுகூடப் போடாத நிலையிலேயே 5 முதல் 6 மணி நேரம் பிடித்தது. வெடித்தால் மணல் எழும்பி அதே பள்ளத்தில் விழுகிறது. உலர் மணலின் குணம் அது. புல்டோசரை அக்கரை சேர்ப்பதே தனிப் பிரச்சினை. 60 பேரை ஒரே இடத்தில் குவித்தால் ஒரு பீரங்கிக் குண்டு போதும்.

விடை பொறியாளர் படையின் இளம் அதிகாரி பாக்கி ஸக்கி யூசுப்பிடம் இருந்து வந்தது. அஸ்வான் உயர் அணை வேலையில் இருந்தவர் அவர். அங்கே மணலைத் தண்ணீர் பீய்ச்சித்தான் நகர்த்தினார்கள். இங்கே தண்ணீர் காலடியில் ஓடுகிறது, கரைந்த மணல் வழிந்து போகவும் அதே கால்வாய் இருக்கிறது. பெட்ரோலில் ஓடும் சிறிய பிரிட்டிஷ் பம்புகள் சுமார் 300 வாங்கினார்கள். ஐந்து பம்பு சேர்ந்தால் 1,500 கன மீட்டர் 3 மணி நேரத்தில் கரைந்தது. 1972ல் திறன் கூடிய ஜெர்மன் பம்புகள் 150 சேர்ந்தன. மூன்று பிரிட்டிஷ், இரண்டு ஜெர்மன் என்று கலந்து போட்டதும் 2 மணி நேரமாகக் குறைந்தது. பம்பைப் படகிலேயே கொண்டுபோகலாம், ஆள் குறைவு, வெடிச்சத்தம் இல்லை.

எகிப்து 70 பொறியாளர் குழுக்களை அமைத்தது. ஒரு குழுவுக்கு ஒரு திறப்பு. எல்லாத் திறப்பும் வெற்றி பெறும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தேவைக்கு மேல் திறப்பு வைத்திருந்தால் எதிரி எதை அடைப்பது என்று திண்டாடுவான், உங்களுக்கும் மாற்று வழி இருக்கும். முதல் இரவில் சுமார் 60 திறப்புகள் தயாராகிவிட்டன.

தெற்கே இந்தக் கணக்கு பொய்த்தது. அங்கே கடந்த எகிப்தின் மூன்றாம் ராணுவத்தின் பகுதியில், குறிப்பாக 19ஆவது டிவிஷன் கடந்த இடத்தில், மண்ணில் களி கலந்திருந்தது. பீய்ச்சிய தண்ணீரில் மணல் வழிந்தோடும், களி சேறாகும். திறப்பு உண்டானது, ஆனால் வண்டி இறங்கியதும் புதைந்தது. கல், மரப்பலகை, தண்டவாளம், இரும்புத் தகடு என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுக் கெட்டிப்படுத்தப் பல மணி நேரம் போனது. பாலங்களும் அந்த அளவுக்குப் பின்தங்கின. ஒரே கால்வாயின் ஒரே கரை என்று நினைத்து ஒரே முறையை நீட்டக் கூடாது. ஒவ்வொரு திறப்பிடத்தின் மண்ணையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துகொள்ள முடியாத இடத்துக்குத் தகடும் பலகையும் கணக்கைவிட இரட்டிப்பாக எடுத்துப் போங்கள்.

ஒத்திகை

வடக்கே எல் பல்லா என்ற இடத்தில் கால்வாய் இரண்டாகப் பிரிகிறது. மேற்குக் கிளை முழுவதும் எகிப்தின் கையில் இருந்தது. அதே அகலம், அதே தண்ணீர். அங்கே மணல் அணை எழுப்பி, பீய்ச்சி உடைத்து, மறுபடி எழுப்பி என்று பயிற்சி நடந்தது. ஒவ்வொரு சிப்பாயும் தன் ஒரே ஒரு வேலையை மட்டும் கற்றான்: பம்புக்காரன் பம்பு, படகோட்டி படகு. இதில் ஒரு குறையும் உண்டு. சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்யும் படை, சொல்லாத நிலைமை வந்தால் தடுமாறும். அது அடுத்த வாரம் தெரிந்தது.

முதல் ஒரு மணி நேரம்

2 மணிக்கு 200க்கும் மேற்பட்ட விமானங்கள் கால்வாய்க்குக் கிழக்கே, இஸ்ரேல் வசம் இருந்த சினாயின் விமானதளங்களையும் கட்டளை நிலையங்களையும் தாக்கப் பறந்தன. 2.05க்கு சுமார் 2,000 பீரங்கிகள் ஒன்றாக முழங்கின. முதல் நிமிடத்தில் மட்டும் 10,500 குண்டுகள். மொத்தம் 53 நிமிடம். கோட்டையைத் தரைமட்டமாக்குவது இதன் நோக்கமாக இருக்கவில்லை. உள்ளே இருப்பவன் தலையைத் தூக்காமல் இருந்தால் படகு கடந்துவிடும், அவ்வளவுதான் வேண்டும். எகிப்து தன் கரையில் எதிரியின் அணையைவிட உயரமாக மண்மேடு எழுப்பி வைத்திருந்தது. அதன் மேல் நின்ற டாங்கிகளும் ஏவுகணைகளும் எதிர்க்கரையில் இருந்த சுடுமேடைகளை நேராகப் பார்த்து அடித்தன. எண்ணெய்க் குழாய்களை அதற்கு முந்தைய இரவே ஆட்களை அனுப்பி அடைத்தாகிவிட்டது.

குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே டாங்கி வேட்டைக் குழுக்கள் கடந்து, அணையேறி, இறங்கி, டாங்கி மேடைகளுக்குப் போய்ப் படுத்துக்கொண்டன. இஸ்ரேலிய டாங்கிகள் வழக்கமான தங்கள் இடத்துக்கு ஓடி வந்தபோது அங்கே ஏற்கனவே ஆள் இருந்தது. எதிரி எங்கே நிற்கப் பழகியிருக்கிறானோ அந்த இடத்துக்கு அவனுக்கு முன்னால் போய்விடுங்கள். முழுத் திட்டத்திலும் மிகக் குறைந்த செலவில் மிக அதிக பலன் தந்த வேலை இதுதான் என்று தோன்றுகிறது.

2.20 வாக்கில் முதல் அலை: 720 படகுகளில் 4,000 பேர். அதன் பிறகு 15 நிமிடத்துக்கு ஓர் அலை என்று மொத்தம் 12 அலை, சுமார் 32,000 பேர். முதல் ஆட்கள் கயிற்று ஏணியை அணையின் உச்சியில் கட்டித் தொங்கவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அதில் ஏறினார்கள். வெடிபொருளையும் ஏவுகணையையும் சின்னக் கைவண்டிகளில் வைத்து மேலே இழுத்தார்கள். ஓர் ஆளின் சுமை 25 கிலோவுக்கும் மேல். சண்டை போட வந்தவனுக்கு அது அதிகமான எடை. இருந்தாலும் பாலம் வரும் வரை அவனுக்கு வேறு கடை கிடையாது.

காவல் கோட்டைகளை முதல் மணி நேரத்திலேயே பிடித்தாக வேண்டும் என்று நினைத்து அங்கே அலைகளைக் கொட்டாதீர்கள். இடையில் புகுந்து போய்விட்டால் கோட்டை தனியே நிற்கும், பின்னால் வரும் படை பார்த்துக்கொள்ளும். தெற்கே தவுபீக் துறைமுகத்தில் இருந்த கோட்டை அக்டோபர் 13 வரை தாக்குப்பிடித்தது. வடக்கே மத்தியதரைக் கடலோரம் இருந்த புடாபெஸ்ட் கோட்டை கடைசி வரை விழவே இல்லை. இரண்டாலும் கடப்பு நிற்கவில்லை.

இடைவெளியை நிரப்புதல்

டாங்கி இல்லாத காலாட்படை டாங்கியை நிறுத்த வேண்டுமானால் தூரத்தை அடுக்காகப் பிரிக்க வேண்டும். சோவியத் மல்யூட்கா டாங்கி எதிர்ப்பு ஏவுகணை 500 முதல் 3,000 மீட்டர் வரை அடிக்கும். அதற்குள் நெருங்கிவிட்டால் அது பயன்படாது. அங்கே தோளில் வைத்துச் சுடும் ஆர்பிஜி-7, பின்னுதைப்பில்லாப் பீரங்கி. ஒன்று விட்ட இடத்தை மற்றது பிடிக்க வேண்டும். தாக்கிய ஐந்து காலாட்படை டிவிஷன்களுக்கும் இந்த ஆயுதங்களைப் பின்னணிப் பிரிவுகளிடம் இருந்து பிடுங்கிக் கொடுத்தார்கள். பின்னணி அந்த அளவுக்கு வெறுமையானது. தெரிந்தே எடுத்த முடிவு.

மல்யூட்காவின் பலவீனத்தையும் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 3,000 மீட்டர் போக அதற்கு ஏறத்தாழ 25 விநாடி ஆகும். அந்த 25 விநாடியும் இயக்குபவன் கைப்பிடியை விடாமல், கண்ணை எடுக்காமல், இலக்கையும் ஏவுகணையின் பின் வெளிச்சத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவன் இருக்கும் புதரை நோக்கி இயந்திரத் துப்பாக்கி சடசடத்தால் கை ஆடும், ஏவுகணை மண்ணில் குத்தும். முதல் இரண்டு மூன்று நாள் இஸ்ரேலிய டாங்கிகள் காலாட்படையும் பீரங்கித் துணையும் இல்லாமல் தனியாகப் பாய்ந்ததால் இது வேலை செய்தது. அக்டோபர் 8ஆம் தேதி இஸ்ரேலியத் தளபதி ஆவ்ரஹாம் அதானுடைய டிவிஷனின் எதிர்த்தாக்குதல் இப்படித்தான் நொறுங்கியது. பிறகு அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அதே ஏவுகணையின் பலன் குறைந்தது. புதிய ஆயுதம் தரும் அனுகூலத்தை நாள் கணக்கில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேலே விமானத்தைத் தடுக்க மேற்குக் கரையில் இருந்த சாம்-2, சாம்-3, சாம்-6 ஏவுகணைகள் குடை பிடித்தன. அந்தக் குடை கால்வாயில் இருந்து கிழக்கே 12 முதல் 15 கிலோமீட்டர் வரைதான் எட்டும். அக்கரைத் தளத்தின் ஆழத்தை இந்த எண்ணுக்குள்ளேயே வைத்தது எகிப்தின் திட்டம்.

பாலம்

சோவியத் பிஎம்பி மிதவைப் பாலம் மடித்த நிலையில் லாரியில் வரும், தண்ணீரில் தள்ளினால் தானே விரியும். கால்வாயை அரை மணி நேரம் அளவில் இணைத்துவிடலாம். பழைய வகைகளுக்கு மணிக்கணக்கில் ஆகும். எகிப்திடம் புதியது குறைவு, பழையதே அதிகம். மூன்று விஷயம் கவனியுங்கள். நீர்மட்டம் 2 மீட்டர் மாறும் இடத்தில் இறங்குமுகச் சாய்வும் மாறும். அதற்கேற்ற துண்டு கையிருப்பில் வேண்டும். விமானம் அடித்தால் முழுப் பாலமும் போகாது, ஓரிரு துண்டுதான் போகும். மாற்றுத் துண்டுகளைக் கரையிலேயே வைத்திருந்தால் பாலம் சீக்கிரமே திரும்ப ஓடும். பாலத்தின் இடத்தை அடிக்கடி நகர்த்துங்கள், பக்கத்தில் போலிப் பாலமும் போடுங்கள்.

முதல் 18 மணி நேரத்தில் 90,000 பேரும் 850 டாங்கிகளும் கடந்தார்கள் என்பது ஷாஸ்லி தரும் எண். உயிரிழப்பு 280 என்கிறார். ஆயிரக்கணக்கில் போகும் என்று எதிர்பார்த்த இடம் அது.

உடைத்த பிறகு

பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் கெடுகின்றன. அரண் உடைந்த சந்தோஷத்தில், எந்தக் கணக்கால் உடைந்தது என்பது மறந்துபோகிறது. அதே நாளில் வடக்கே இஸ்ரேலைத் தாக்கியிருந்த கூட்டாளி சிரியாவின் மீதான நெருக்கடியைக் குறைக்க அக்டோபர் 14ஆம் தேதி எகிப்து கிழக்கே மிட்லா, கிடி கணவாய்களை நோக்கிப் பாய்ந்தது. ஷாஸ்லி எதிர்த்தார், மேலிடம் கேட்கவில்லை. பல அச்சுகளில் பிரிந்து போன டாங்கிகள் ஏவுகணைக் குடையை விட்டு வெளியே வந்தன. அங்கே இஸ்ரேலிய டாங்கிகள் நல்ல மறைவில் காத்திருந்தன. ஒரே நாளில் எகிப்து இழந்த டாங்கிகள் 250 என்பது பொதுவான மதிப்பீடு. தாக்க விரும்பினால் ஒரே இடத்தில் குவித்து, நகரும் வான்காப்போடு, கடந்த அன்றோ மறுநாளோ தாக்கியிருக்க வேண்டும். எட்டு நாள் கழித்து, எதிரி திரண்ட பிறகு, பிரிந்து போவதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

இதைவிட மோசமானது இன்னொன்று. இந்தத் தாக்குதலுக்காக மேற்குக் கரையில் சேமமாக இருந்த கவசப் படையில் பெரும்பகுதி கிழக்கே போய்விட்டது. வடக்கே இருந்த இரண்டாம் ராணுவத்துக்கும் தெற்கே இருந்த மூன்றாம் ராணுவத்துக்கும் நடுவே, பெரிய பிட்டர் ஏரிக்கு வடக்கே, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சந்து கிடந்தது. இரண்டு தளபதிகளின் பகுதிகள் சேரும் எல்லைக்கோட்டை இருவருமே மற்றவர் பொறுப்பு என்று விடுவது எல்லா ராணுவத்திலும் உண்டு. இஸ்ரேலிய வேவுப் படை அந்த இடைவெளியை அக்டோபர் 9ஆம் தேதியே கண்டுவைத்திருந்தது. 15ஆம் தேதி இரவு இஸ்ரேலியத் தளபதி ஏரியல் ஷரோனின் படை அதன் வழியே கால்வாய்க் கரையில் தெவெர்சுவார் வந்து சேர்ந்தது. அங்கே மணல் அணையின் ஒரு பகுதியைப் போருக்கு முன்பே மெலிதாக்கி, வண்டிகள் நிற்க முற்றமும் அமைத்து வைத்திருந்தார்கள். ரப்பர் படகில் பாராசூட் படையினர், விடியும்போது மிதவைகளில் டாங்கிகள், 17ஆம் தேதி மிதவைப் பாலம். மேற்குக் கரையில் ஏறியதும் அவர்கள் முதலில் தேடி அடித்தவற்றில் சாம் ஏவுகணைத் தளங்களும் இருந்தன, குடை கிழிந்தது. 24ஆம் தேதிக்குள் மூன்றாம் ராணுவம் சுற்றி வளைக்கப்பட்டது.

உங்கள் வரைபடத்தில் அக்கரைத் தளங்களை வரைந்து முடித்ததும் இரண்டு பிரிவுகள் சேரும் ஒவ்வொரு கோட்டின் மேலும் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதற்குப் பொறுப்பான ஒரே ஆளின் பெயரை எழுதுங்கள். தாக்குதலுக்கு எவ்வளவு டாங்கி போதாமல் போனாலும், பழைய கரையில் அந்த வட்டத்துக்கு நேர் பின்னால் குறைந்தது ஒரு கவச பிரிகேடை அசையாமல் நிறுத்துங்கள். கடக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று: இஸ்ரேல் பெரிதாக நம்பியிருந்த 400 டன் உருளைப் பாலம் டாங்கிகள் இழுத்து வரும் வழியிலேயே உடைந்து, சில நாள் பிந்தித்தான் தண்ணீரைத் தொட்டது. அதுவரை மிதவைகளும் சாதாரண மிதவைப் பாலமும்தான் படையைச் சுமந்தன. கடக்கும் வழி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வகையாவது இருக்கட்டும்.